எங்கள் எண்ணூறு

2016 ஐப்பசியில் ஒரு நாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் காருக்குள் உட்கார்ந்தபடியே என் செருப்பு நனைந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது. மேலேயும் ஒழுகவில்லை. சாணார்பட்டி தாண்டி ஓரமாக நிறுத்தி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். கிளட்ச் பெடலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தகரமே இல்லை. நத்தம் ரோட்டுத் தார் மழையில் பளபளவென்று தெரிந்தது. நசுங்கிக் கிடந்த பாக்கு பாக்கெட்டின் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

நான் மேல்நிலைப் பள்ளி வேதியியல் டீச்சர். இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். அந்த மூன்றும் என் காலடியில், மேட்டுக்கு அடியில், எத்தனையோ மழைக்காலமாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ஈரக் காலோடு ஏறி இறங்கியவளும் நான்தான். மேட்டை ஒரு நாள் தூக்கி வெயிலில் போட்டிருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது.

வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் அந்த ஓட்டையில் தொடங்கியது. முடிய ஆறு வருடத்துக்கு மேல் ஆனது.

வண்டி 1998 மாடல் மாருதி 800. வெள்ளை. 2003-ல் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு வாங்கினோம். புரோக்கர் சொன்ன முதல் வார்த்தையே, "டாக்டர் ஓட்டின வண்டி சார்." பழைய கார் விற்கிறவர்கள் பேச்சை நம்பினால், தமிழ்நாட்டில் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் புதுக் கார் வாங்கியதே கிடையாது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாலு கியர், கார்புரேட்டர். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டு பஸ் மாறி, கோபால்பட்டிப் பக்கம் இருபது கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த வண்டி தினமும் ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. காலையில் மகளுக்கு நானே தலை பின்னிவிட முடிந்தது அதன் பிறகுதான்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர். வண்டி வந்த அன்றே நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் நடுவில் கோடு போட்டுவிட்டார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. "கார் எங்க சம்பாதிக்கப்போகுது, வரவுப் பக்கம் எதுக்கு?" என்று கேட்டேன். "கணக்குன்னா ரெண்டு பக்கம் இருக்கணும்" என்றார். இடது பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வலது பக்கத்தில் பெட்ரோல் சேர்க்கமாட்டார். ரிப்பேர், டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் மட்டும்.

பேகம்பூரில் ஒரு பாய் பட்டறை வைத்திருந்தார். பெயர்ப் பலகை கிடையாது. வேப்பமரம்தான் அடையாளம். ஓட்டையைப் பார்த்துவிட்டு பாய் பதறவில்லை. சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் டங்கென்றது. துருவேறிய இடம் தொக்கென்று உள்வாங்கியது. சாக்பீஸால் வட்டம் போட்டார். என் உள்ளங்கை ஓட்டைக்கு அவர் போட்ட வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு வட்டம். வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, அடியில் தார்ப்பூச்சு அடித்து, மொத்தம் 8,500 ரூபாய்.

வண்டியை எடுக்கப் போனபோது பாய் சொன்னார்: "ஒட்டுப் போட்ட எடம் நல்லா இருக்கும் டீச்சர். ஒட்டைச் சுத்தி இருக்கு பாருங்க, அதுதான் அடுத்துப் போகும்." வெல்டிங் சூட்டில் சுற்றிலும் இருக்கிற பழைய பெயிண்ட் வெந்துபோகும், அங்கே துரு புதிதாகப் பிடிக்கும் என்பது நான் பாடத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். பாய் என்னிடம் சொன்னார்.

2018 தொடக்கத்தில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை. பைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார்கள். பாய் என்ஜினை ஓடவிட்டு, ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். இரண்டு செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தன. மூன்றாவது கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரிங் தேஞ்சிருச்சு. என்ஜினை இறக்கி போர் பண்ணணும்" என்றார். லேத்தில் போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து 32,000.

அன்று இரவு நோட்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. என் கணவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு வருட ரிப்பேர் வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் ஆபீசில் எல்லோரும் சொல்கிற விதிதான். "வண்டி இன்னைக்கு நாப்பதாயிரம்கூடப் போகாது. அதுக்கு முப்பத்திரண்டாயிரம் செலவா?"

எனக்கு அந்த விதி அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வண்டி பழசாக ஆக அதன் விலை இறங்கும். இறங்க இறங்க, நாலு டயர் மாற்றினாலே பாதியைத் தாண்டிவிடும். நாற்பதாயிரம் என்பது விற்கிறவனுக்கு வேண்டிய எண். நான் ஓட்டுகிறவள். என் செலவை அதோடு ஒப்பிட்டு என்ன பிரயோசனம்? இதை விட்டால் எதை வாங்குவேனோ, அதன் செலவோடு ஒப்பிட வேண்டும். பேப்பரை எடுத்துப் போட்டேன். சின்னதாக ஒரு புதுக் கார் ஆன் ரோடு நாலு லட்சம். ஐம்பதாயிரம் கையிலிருந்து, மூன்றரை லட்சம் லோன், ஒன்பதரை வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 7,350. வருடத்துக்கு 88,200. அதற்கு மேல் முழு இன்ஷூரன்ஸ். பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும், இரண்டாயிரத்துச் சொச்சம். இருப்பதிலேயே மோசமான வருடத்தில்கூட எண்ணூறு புது வண்டியின் தவணையில் பாதியைத் தொடவில்லை.

வங்கிக்காரர் வாயடைத்துப்போனார். நான் ஜெயித்தேன். ஜெயித்ததுதான் தப்பு என்று பிறகு பட்டது. இந்தக் கணக்கைப் போட்டால் பழைய வண்டி எப்போதும் ஜெயிக்கும். 2018-ல் ஜெயித்தது, 2020-லும் ஜெயித்தது. வண்டி நகர முடியாமல் நின்றாலும் தாளில் ஜெயிக்கும்.

இன்னொரு கண்ணியும் இருந்தது. முப்பத்திரண்டாயிரம் போட்டு என்ஜின் செய்தாயிற்று, அடுத்த வருடம் கிளட்ச் செட் போனால் போடாமல் விடுவதா? கிளட்ச் போட்டாயிற்று, டயர் மொட்டையாக இருந்தால் எப்படி? டயர் புதுசு, பேட்டரிக்கு யோசிக்கலாமா? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று ஒவ்வொரு ரிப்பேரும் அடுத்த ரிப்பேருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தது. "இப்பத்தானே பேட்டரி மாத்துனோம், இப்பப் போய் யாராவது விப்பாங்களா?" என்று நானே சொல்லியிருக்கிறேன். பேட்டரிக்கு ஆன 3,200 ரூபாயைக் காப்பாற்ற ஒரு முழுக் காரைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான்.

சாமான் கிடைக்குமா என்ற பயத்துக்கு பாயிடம் பதில் இருந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பதிமூன்று நகரங்களில் புகை விதி மாறி 800 விற்பனை நின்றபோதே நான் கேட்டேன். 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றபோதும் கேட்டேன். "ஆம்னிக்கும் இதே என்ஜின்தான் டீச்சர். ஆம்னி ஓடுற வரைக்கும் இதுக்குச் சாவு கெடையாது." 2019-ல் ஆம்னியையும் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைச் செய்தியை பாயிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அப்புறம் சாமான்கள் மதுரைக்குச் சொல்லி, பஸ்ஸில் கண்டக்டர் கையில் பார்சலாக வந்தன. காலையில் சொன்னால் சாயந்திரம் வரும் என்பது நாளைக்கு வரும் என்றானது, பிறகு வந்தால் வரும் என்றானது.

நோட்டில் ஏறாத கணக்கு ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

2017 மே மாதம் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு, காட்ரோடு எல்லாம் தாண்டி, டம் டம் பாறைக்கு மேலே இரண்டு வளைவு ஏறியிருப்போம். கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கேபிள் அறுந்துவிட்டது. பின்னால் வந்த ஜீப் டிரைவர் இறங்கி வந்து வண்டியைத் தள்ளித் திருப்பிக் கொடுத்தார். "ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டு செல்ஃப் அடிங்கக்கா, தானா நகரும். அப்படியே கீழ எறங்கிருங்க, கியரை மட்டும் மாத்தாதீங்க." பின் சீட்டில் மகளும் அத்தையும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க, ஒரே கியரில் மலை இறங்கினேன். வத்தலக்குண்டில் புதுக் கேபிள், கூலியோடு 350 ரூபாய். நோட்டில் அவ்வளவுதான் ஏறியது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் நாங்கள் கொடைக்கானல் போகவே இல்லை என்பது ஏறவில்லை. யாரும் முடிவு செய்யவில்லை. அடுத்த மே மாதம், "பஸ்ஸில போனா வேடிக்கை பாத்துக்கிட்டே போகலாம்ல" என்று என் கணவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன்.

2019 ஆடிக்கு முன்னால் மதுரையில் ஒரு கல்யாணம். திரும்பும்போது கொடைரோடு டோல்கேட்டுக்குப் பக்கத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போய் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி. பட்டுப் புடவையோடு ரோட்டோரம் ஒன்றரை மணி நேரம். மறுநாள் பாய் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் டீ நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. 6,800 ரூபாய். நோட்டில் ஏறியது. மதுரைக்கு இனி பஸ் என்பது ஏறவில்லை.

அந்த வருடக் கவுன்சலிங்கில் எனக்கு டவுன் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. நத்தம் ரோடும் விட்டுப்போனது. கொரோனாவில் வண்டி மாதக்கணக்கில் போர்டிகோவில் நின்றது. 2021 மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கி இரண்டு முறை நடுத்தெருவில் நின்றதால், மழை என்றால் ஆட்டோ. ஹெட்லைட் மங்கலாகி, ராத்திரி என்றாலும் ஆட்டோ. முதலில் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த எல்லை அறுபத்தைந்துக்கு வந்து, இருபதுக்கு வந்து, கடைசியில் வீட்டிலிருந்து நாகல் நகர் மளிகைக் கடை வரை வந்து நின்றது. ரிப்பேர் செலவு மட்டும் குறைந்துகொண்டே போனது. 2021-ல் நாலாயிரம், 2022-ல் மூவாயிரம்தான். "பரவாயில்லையே, இப்ப ஒழுங்கா ஓடுதே" என்று என் கணவர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஓடினால்தானே ரிப்பேர் வரும்.

2022 டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அத்தைக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்துவிட்டது. என் கணவர் 108-க்கு அடித்துக்கொண்டிருந்தார். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தத் தம்பி கைலியோடு வந்து காரை எடுத்தான். அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போர்டிகோ வழியாக வெளியே வர வேண்டும். உறை போட்ட எண்ணூறு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நாற்காலி நுழையவில்லை. அத்தையை இறக்கி, கைத்தாங்கலாகப் பக்கவாட்டில் நகர்த்தி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போனோம்.

அத்தை நாலு நாளில் வீடு திரும்பிவிட்டார். இன்றும் நன்றாக இருக்கிறார். அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு காபி குடிக்கும்போதுதான் இவர் கேட்டார்: "அன்னிக்கு நம்ம வண்டி உனக்கு ஞாபகம் வந்துச்சா?" வரவில்லை. அவருக்கும் வரவில்லையாம். மூன்றரை அடி தள்ளி ஒரு கார் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, இருவரும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள். ஒருவருக்கும் அது வண்டி என்றே தோன்றவில்லை. வழியை அடைக்கும் ஒரு சாமானாகத்தான் தெரிந்தது. நாங்கள் அதை எப்போதோ விற்றுவிட்டோம், பணம் வாங்கவில்லை, அவ்வளவுதான் என்று அப்போது விளங்கியது.

இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? 2023 மார்ச்சில் ஆர்.சி. மறுபடி புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ஆகியிருந்தது. அதற்கு மேல் பசுமை வரி. மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டியைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் அவர் இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுபோகலாமா என்று ஜனவரியில் பாயிடம் கேட்கப் போனேன்.

பாய்க்கு அதற்குள் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். மகன் பட்டறைக்கு வரவில்லை. பைபாஸ் பக்கம் கம்ப்யூட்டர் மாட்டி ஃபால்ட் பார்க்கிற இடத்தில் வேலை. பாய் வண்டியைச் சுற்றி வந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் வைத்த ஒட்டுக்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினார். தொக்கென்றது. சுத்தியல் உள்ளே போய்விட்டது. பெட்ரோல் ஹோஸைக் கிள்ளிப் பார்த்தார். ரப்பர் ஊறி வீங்கியிருந்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் பத்து சதவீதத்தை எட்டியிருந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊறவைக்கும். அந்த ரப்பரோ 1998-ல் வேறு பெட்ரோலை நினைத்துச் செய்தது. கார்புரேட்டர், பம்ப் டயாபிரம், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நானே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பாய் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம் டீச்சர். நாப்பது நாப்பத்தஞ்சு ஆகும். செஞ்சு குடுத்துருவேன், இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ணிருவாரு. ஆனா நீங்க ஓட்டமாட்டீங்க. ஓட்டாத வண்டிக்கு உங்ககிட்ட காசு வாங்கினா, நான் சும்மா வாங்கித் தின்ன மாதிரி ஆயிரும்."

இருபது வருடத்தில் பாய் வேலை வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. எங்களுக்கே தெரியாமல் எங்கள் வட்டம் சுருங்கியதை, ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து அவர் கணக்கு வைத்திருந்திருக்கிறார். ஒரு வருடத்தில் வண்டி எழுநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

பிப்ரவரியில் கொடுத்தோம். ஓட்டுவதற்கு வாங்க ஆள் வரவில்லை. காயலான் கடைதான். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் ஆர்.சி.யை ரத்து செய்ய எழுதிக் கொடுக்காமல் வண்டியை அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பேரில் உள்ள நம்பர் நாளைக்கு எந்த வண்டியில் ஏறி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் கண் முன்னால் கேஸ் கட்டரால் சேஸிஸ் நம்பர் இருந்த தகரத்தை மட்டும் அறுத்து எடுத்துக் கொடுத்தார்கள். சூடு ஆறும்வரை காத்திருந்து, பேப்பரில் சுற்றி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனோம். பாயிடம் சொல்லி ஸ்டெப்னி டயரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது.

அடுத்து வாங்கியதும் பழைய வண்டிதான், 2017 மாடல். இதையும் டாக்டர்தான் ஓட்டினாராம். மே மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய் வந்தோம். டம் டம் பாறை தாண்டும்போது யாரும் பேசவில்லை.

எண்ணூறு 21,500 ரூபாய்க்குப் போனது. அன்று ராத்திரி என் கணவர் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இடது பக்கத்தில் தேதி போட்டு அந்தத் தொகையை எழுதினார். இருபது வருடத்தில் வரவுப் பக்கத்தில் ஏறிய ஒரே வரி அது.